முகப்பருவும் அன்றாடப் பழக்கங்களும்

(குழித்துறையில் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



"குடும்ப நலக் கூட்டமுன்னு கூப்பிட்டுட்டு, இவர் முகக்குருவைப் பற்றிப் பேசுறாரே" என்று சிலர் நினைக்கலாம். காரணத்தைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளம் தம்பதியர் என்னைப் பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, பரு நெருங்கி, பூனைமுடி வேறு வளர்ந்திருந்தது. கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. ஆடி அமாவாசைக்கு ஊரே திரளும் வாவுபலிப் பொருட்காட்சிக்குக்கூட அந்த வருஷம் போகவில்லையாம். "நான்தான் சார் வாங்கிக் கொடுத்தேன். நாலு நாளில் முகம் வெளுக்குமுன்னு கூட்டுக்காரன் சொன்னான்" என்று கணவர் தலை குனிந்தபடியே ஒரு களிம்புக் குழாயை எடுத்து நீட்டினார். அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ஆறு மாதமாகத் தினமும் தடவியிருக்கிறாள். அன்பினால் வாங்கிக் கொடுத்ததுதான். ஆனால் விவரம் தெரியாமல் வாங்கிக் கொடுத்தது.

முதலில், பரு ஏன் வருகிறது என்று பார்ப்போம். நம் தோலிலுள்ள ரோமக்கால்களின் பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பருவ வயதில் ஹார்மோன்கள் கூடும்போது இச்சுரப்பிகள் அதிக எண்ணெய் சுரக்கின்றன. இறந்த தோல் துகளும் எண்ணெயும் சேர்ந்து ரோமக்காலின் வாயை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில் கிருமி பெருகினால் சிவந்து, வீங்கி, சீழ் வைக்கிறது. அதுதான் பரு. இது ஒட்டுவாரொட்டி நோயல்ல. கெட்ட நடத்தையால் வருவதுமல்ல. கரும்புள்ளி கறுப்பாக இருப்பது அழுக்கினால் அல்ல. அடைப்பிலுள்ள பொருள் காற்றுப்பட்டுக் கறுத்துவிடுகிறது. ஆகவே தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் போகாது.

"கல்யாணம் ஆனா தானே மாறிடும்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அது சரியல்ல. முப்பது, நாற்பது வயதிலும், குறிப்பாகப் பெண்களுக்கு, பரு வருவதுண்டு.

இனி நம் பழக்கங்களுக்கு வருவோம்.

ஒன்று, தேங்காய் எண்ணெய். நம் நாட்டில் தென்னை இல்லாத வீடு இல்லை; எண்ணெய் தேய்க்காத தலையும் இல்லை. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் வழிய வழியத் தேய்த்தால், வேர்வையோடு நெற்றிக்கும் கன்னத்துக்கும் இறங்கி ரோமக்காலை அடைக்கும். தலைப்பூச்சினால் நெற்றியில் வரும் இத்தகைய பருவை அமெரிக்க மருத்துவர்கள் 1970-லேயே விவரித்து எழுதியிருக்கிறார்கள். பரு உள்ளவர்கள் எண்ணெயைக் குளிக்கும் முன் தேய்த்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். முகத்தில் எண்ணெய் தடவ வேண்டாம்.

இரண்டு, முகம் கழுவுவது. காலையிலும் இரவிலும் மிதமான சோப்பு போட்டுக் கழுவினால் போதும். ரப்பர் வெட்டிவிட்டு வருகிறவர்கள், வயல் வேலை செய்கிறவர்கள் வேர்வை உலருமுன் ஒருமுறை கழுவலாம். ஆற்றுக் கடவில் துணி துவைத்த சோப்பையே முகத்திலும் தேய்ப்பது கூடாது. பற்பசை, எலுமிச்சைச் சாறு போன்றவை தோலைப் புண்ணாக்கும்.

மூன்று, துவர்த்து. ஒரே துவர்த்தால் உடம்பையும் துடைத்து, வேர்வையையும் துடைத்து, தோளிலும் போட்டுக்கொள்ளுகிறோம். முகத்துக்குத் தனியாக ஒரு சுத்தமான துணி வையுங்கள். அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தலையணை உறையை வாரம் ஒருமுறையாவது துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். தலைக்கவசத்தின் வாரையும் உட்பக்கத்தையும் மறக்காதீர்கள். பரு வருமென்று தலைக்கவசத்தையே விட்டுவிடாதீர்கள், உயிர் பெரிது.

நான்கு, கிள்ளுவது. இது என் சொந்த அனுபவம். இளவயதில் கண்ணாடி முன் நின்று நகத்தால் பிதுக்கிப் பிதுக்கி, இன்றைக்கும் என் கன்னத்தில் குழிகள் இருக்கின்றன. பரு போய்விடும், தழும்பு போகாது.

ஐந்து, சாப்பாடு. மீனும் முட்டையும் சாப்பிட்டால் பரு வரும் என்று பத்தியம் வைக்க வேண்டியதில்லை. 2007-ல் ஆஸ்திரேலியாவில் 43 ஆண்களைக் கொண்டு 12 வாரம் நடத்திய ஓர் ஆராய்ச்சியில், இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு அதிகமாகக் குறைந்தது. ஆகவே சீனி நிறையப் போட்ட சாயா, குளிர்பானம், மைதாப் பலகாரம் இவற்றைக் குறைத்துப் பாருங்கள். பயறும் கீரையும் மீனும் தாராளமாகச் சேர்க்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு களிம்புகளை முகம் வெளுக்க வேண்டுமென்று நாமாகத் தடவக் கூடாது. தோல் மெலியும், இரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும், பரு பெருகும், முடி வளரும். நிறுத்தினால் முகம் எரியும். அதனாலேயே மறுபடி தடவத் தோன்றும். 2018-ல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. ஏற்கனவே தடவி வருகிறவர்கள் பயப்படாமல் குழாயையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

அந்தத் தம்பதியரை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். மருத்துவர் மருந்து எழுதுமுன் கேட்ட முதல் கேள்வி, "கடைசி மாதவிலக்கு எப்போம்மா?" என்பது. ஏன் கேட்டார்? கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையைக் கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தை ஊனமாகப் பிறக்கக்கூடும். அதைச் சாப்பிடும் பெண் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்திய பிறகு ஒரு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. ஆகவே மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிச் சாப்பிடாதீர்கள். கருத்தரிக்க எண்ணமிருந்தால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

இன்னொன்று. பருவோடு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவது, தாடையில் முடி வளர்வது, எடை கூடுவது இவையும் இருந்தால், சினைப்பையில் நீர்க்கட்டிக் கோளாறாக இருக்கலாம். குழந்தை தாமதமாவதற்கும் இது ஒரு காரணம். பெண்ணைக் குறை சொல்லாமல், இரண்டு பேருமாகச் சேர்ந்து போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கருத்தடை ஊசி போட்ட சிலருக்குப் பரு வரலாம். அதற்காக முறையையே விட்டுவிடாமல், கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வேறு முறைக்கு மாறிக்கொள்ளலாம்.

எந்த மருந்தானாலும் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் சலித்துப்போய் நிறுத்தாதீர்கள். அந்தப் பெண்ணுக்கும் மாதங்கள் ஆயின. தழும்பு இன்னும் கொஞ்சம் உண்டு. ஆனால் போன வாரம் சந்தையில் கண்டபோது, முகத்தை மூடாமல் நின்று மரச்சீனிக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். கணவர் பையோடு பக்கத்தில் நின்றார்.

கணவன்மார்களே, மனைவியின் முகம் வெளுக்க வேண்டும் என்று களிம்பு வாங்காதீர்கள். அவள் முகம் மலர வேண்டும் என்று நினையுங்கள். சந்தேகம் இருந்தால் துணைச் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.