விலை அட்டை



‘வேலை கடல் கடந்தால் உலகம் என்னவாகிறது’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைத் திருப்பூரில் பேசாமல் வேறு எங்கே பேசுவது? உள்ளூருக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர், 1970களின் கடைசியில் இத்தாலிக்குத் தைக்கத் தொடங்கியது. இன்று இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊர்க் கைகள் வழியாகத்தான் போகிறது.

என் அம்மா ஒரு ஏற்றுமதி கம்பெனியில் பேக்கிங்கில் பதினொரு வருஷம் வேலை பார்த்தார். பள்ளிக்கூட லீவு நாட்களில் மதியச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒருநாள் அம்மா மடித்த டீ-ஷர்ட்டில் விலை அட்டை குத்திக்கொண்டிருந்தார். உங்களுக்குத் தெரியும், அந்த நாட்டுக் கடையில் விற்கப்போகிற விலை அட்டையில் அச்சாகியே இங்கே வந்துவிடும். அதில் 9.99 என்று போட்டு, பக்கத்தில் யூரோ குறி. “இது நம்ம காசுக்கு எத்தனை கண்ணு?” என்று கேட்டார். அப்போது யூரோ ஐம்பத்தைந்து ரூபாய் வாக்கில் இருந்தது. நோட்டின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்துச் சொன்னேன். அவருடைய ஒரு வாரச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. அம்மா அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு அடுத்த பீஸை எடுத்துக்கொண்டார்.

அம்மாவின் சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். இதை நான் மறைக்க மாட்டேன். அந்த வேலை வந்திருக்காவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. வங்காளதேசத்தில் ஏறத்தாழ நாற்பது லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், இதே தையலை நம்பி முதல் முறையாகத் தங்கள் கையில் தங்கள் காசைப் பார்த்தார்கள். ஆகையால் வேலை வெளிநாட்டுக்குப் போவதே பாவம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். என் கேள்வி வேறு. வேலை வருகிறபோது கூடவே என்னென்ன வருகிறது? எது மட்டும் வராமல் அங்கேயே தங்கிவிடுகிறது?

முதலில், மதிப்பு அங்கேயே தங்குகிறது. 2010இல் யூச்சிங் சிங், நீல் டெட்டர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஐஃபோனின் விலையை நாடுவாரியாகப் பிரித்துக் கணக்குப் பார்த்தார்கள். சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறும்போது அதன் அடக்கவிலை ஏறத்தாழ 179 டாலர். ஜப்பானிலிருந்து ஒரு பாகம், ஜெர்மனியிலிருந்து ஒன்று, கொரியாவிலிருந்து ஒன்று. அத்தனையையும் சேர்த்துப் பூட்டிக்கொடுத்த சீனத் தொழிலாளர்களின் பங்கு எவ்வளவு தெரியுமா? 6.50 டாலர். ஆனால் அமெரிக்காவின் வர்த்தகக் கணக்கில் முழு 179 டாலரும் சீனாவிலிருந்து வந்த இறக்குமதி! ஆறரை டாலர் வாங்கியவன் மேல் 179 டாலர் பழி. இன்றைக்கு ஐஃபோன் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் பூட்டப்படுகிறது. ஏற்றுமதி இத்தனை ஆயிரம் கோடி என்று தலைப்புச் செய்தி வரும்போதெல்லாம், அதில் நம் பிள்ளைகளின் ஆறரை டாலர் எவ்வளவு என்று கேட்கப் பழகுங்கள்.

இனி, வேலையை இழந்த ஊரைப் பற்றிப் பேச வேண்டும். அதைப் பேசாமல் நம் ஊரைப் பேசுவது நியாயமில்லை.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் கன்னாபோலிஸ் என்று ஒரு மில் ஊர். மில்லுக்காகவே எழும்பிய ஊர். துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த ஊர். கரூர்க்காரர்களுக்கு அந்தச் சரக்கு நன்றாகத் தெரியும். 2003 ஜூலை 30 அன்று அந்த மில்லை மூடினார்கள். அந்த மாநிலத்தில் மட்டும் ஒரே வீச்சில் 4,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. பள்ளிப் படிப்பையே முடிக்காமல் இளம் வயதில் மில்லுக்குள் நுழைந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். நாற்பது வயதில், ஐம்பது வயதில், மறுபடி வகுப்பறையில் போய் உட்கார்ந்தார்கள்.

1999 முதல் 2011 வரை சீன இறக்குமதிப் போட்டியால் அமெரிக்காவில் 20 லட்சம் முதல் 24 லட்சம் வேலைகள் போயின என்று டேவிட் ஆட்டர் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதே காலத்தில் அமெரிக்கக் கடைகளில் சட்டை மலிந்தது, துண்டு மலிந்தது. நன்மை முப்பது கோடிப் பேருக்குச் சாரலாகத் தூவியது. துன்பம் கன்னாபோலிஸ் போன்ற ஊர்களின் தலையில் கல்மழையாகக் கொட்டியது. லாபம் பார்த்தவர்கள் அந்த ஊர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்காததன் பலன் என்ன ஆயிற்று? அந்த ஊர்களின் கோபம் வாக்குச் சீட்டாயிற்று. இறக்குமதிக்கு வரி போடுகிறேன் என்ற அரசியலுக்கு அதுவே உரமாயிற்று. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகள் பலவற்றின் மேல் அமெரிக்காவின் 50 சதவீத வரி விழுந்தது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை என்றார்கள். எண்ணெய் வாங்கியது யார், வரி விழுந்தது யார் தலையில்? ஆர்டரை நிறுத்தி வை, விலையைக் குறை என்று சரக்கு வாங்கும் பையர்கள் சொல்ல, இந்த ஊரில் ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனிகளில் ஒரு ஷிப்டுக்கே வேலை தேட வேண்டியதாயிற்று. கன்னாபோலிஸ் தொழிலாளியும் நம் ஓவர்லாக் டெய்லரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் அவருக்குச் செய்யாத நியாயம் இருபது வருஷம் கழித்து இவருடைய சனிக்கிழமைச் சம்பளக் கவரில் வந்து கைவைத்தது.

இப்போது என் மனசை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். வேலையோடு தவறாமல் கப்பலேறி வருவது நஷ்டம்.

ஒரு ஆர்டர் எப்படி நடக்கிறது? சாம்பிள் இங்கே போட வேண்டும். நூல் இங்கே வாங்க வேண்டும். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எல்லாம் இங்கே கடன் வாங்கிய பணத்தில் ஓடும். சரக்கு போய்ச் சேர்ந்து அறுபது நாள், தொண்ணூறு நாள் கழித்துத்தான் பணம். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு நம் தலையில். விலை பேசி முடித்த பிறகு நூல் விலை ஏறினாலும் நம் தலையில். 2022 மே மாதத்தில் நூல் விலையைக் கண்டித்து இந்த ஊர் கதவைச் சாத்தியது நினைவிருக்கிறதா? விலையை நிர்ணயிக்கிறவர் ஒருவர், நஷ்டத்தைத் தாங்குகிறவர் இன்னொருவர். முதலாளி தாங்க முடியாததை ஜாப் ஒர்க் பட்டறையின் மேல் இறக்குகிறார். பட்டறைக்காரர் பீஸ் ரேட்டில் இறக்குகிறார். கடைசியில் எங்கே இறங்குகிறது? பிசிறு வெட்டுகிற அக்காவின் விரலில்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. கடையை மூடிய பையர்கள், தைத்து முடித்த சரக்கையே வேண்டாம் என்றார்கள். பேரிடர் விதி என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் காட்டினார்கள். வங்காளதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர் ரத்தானது அல்லது நின்றது என்று அங்குள்ள ஏற்றுமதியாளர் சங்கம் சொன்னது. தொழிலாளர் அமைப்புகள் நிறுவனங்களின் பெயரைச் சொல்லிக் குரல் எழுப்பிய பிறகுதான் பலர் பணம் தர முன்வந்தார்கள்.

ஆறும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஐரோப்பாவில் உடுத்துகிற சட்டையின் சிவப்பும் நீலமும் நம் நொய்யலில் ஓடின. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மூடியது சரி. ஆற்றையும் அணையையும் நம்பியிருந்த விவசாயிகளின் கண்ணீர் நியாயமானது. ஆனால் சொட்டுக் கழிவும் வெளியேறாமல் சுத்திகரிக்கிற செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது? அந்த விலை அட்டையில் நொய்யலுக்கென்று ஒரு காசு இருக்கிறதா?

பொறுப்பைக் கடல் கடத்தவே முடியாதா என்றால், முடியும். ஆனால் அதற்குக் கொடுத்த விலை கொடியது. 2013 ஏப்ரல் 24. டாக்கா பக்கத்தில் சாவார். ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். முதல் நாளே சுவரில் விரிசல். கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது, தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை மேலே ஏறச் சொன்னார்கள். கட்டடம் இடிந்தது. 1,134 உயிர்கள். இடிபாட்டில் கிடந்த லேபிள்கள்தான், தைத்தது யாருக்காக என்று உலகத்துக்குச் சொல்லின.

அதன் பிறகுதான் அந்த மே மாதமே தொழிற்சாலைப் பாதுகாப்புக்கென்று ஓர் ஒப்பந்தம் பிறந்தது. 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் பின்னர் அதில் கையெழுத்திட்டன. வெறும் வாக்குறுதி இல்லை, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். தொழிற்சங்கங்கள் ஒரு பிராண்டை ஹேக் நகர நடுவர் மன்றம் வரை இழுத்தன. அந்த நிறுவனம் 2018இல் 23 லட்சம் டாலர் தரச் சம்மதித்தது. தையல் மேஜையில் உட்கார்ந்தவரின் உயிருக்கு, கடையில் உட்கார்ந்தவர் பதில் சொன்ன நாள் அது.

நமக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் கிடைத்தது. திண்டுக்கல்லில் ஒரு தலித் தொழிலாளிப் பெண், ஒரு சகோதரி, 2021இல் கொல்லப்பட்டாள். அந்த வேதனையிலிருந்து, பெண்களே நடத்துகிற ஒரு தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் போராடி, 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்திட்டன. 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதன்கீழ் வந்தார்கள். தளத்தில் யாராவது கையை ஓங்கினால், அசிங்கமாகப் பேசினால், அதைக் கவனித்துச் சொல்லவென்றே தொழிலாளிப் பெண்கள் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். ‘சூப்பர்வைசரிடம் எதிர்த்துப் பேசாதே’ என்று வளர்க்கப்பட்ட பெண்கள் அவர்கள்.

அந்த ஒப்பந்தங்கள் உயிரையும் மானத்தையும் காத்தன. விலையை இன்னும் தொடவில்லை. அதற்குப் பையரோடு போடும் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் வேண்டும். துணி வெட்டிய பிறகு ஆர்டரை ரத்து செய்தால் முழுப் பணம் தர வேண்டும். நூல் விலை ஏறினால் பேசிய விலையும் ஏற வேண்டும். இந்த இரண்டு வரிகளைக் கேட்க ஏற்றுமதியாளரும் தொழிற்சங்கமும் ஒரே பக்கம் உட்கார வேண்டும். முன்வரிசையில் இருக்கும் ஏற்றுமதியாளர் அண்ணன்மார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். கூலிப் பேச்சில் நீங்களும் தொழிற்சங்கமும் எதிரெதிரே உட்காரலாம். பையரிடம் பேசும்போது உங்கள் பக்கத்து நாற்காலியில் உங்கள் டெய்லரை உட்கார வையுங்கள்.

பின்வரிசையில் இருக்கும் அக்கா, தங்கைகளே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை பேக்கிங்கில் விலை அட்டை வந்தால், அதில் உள்ள எண்ணை ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். அந்த பீஸுக்கு உங்களுக்கு என்ன கிடைத்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். தேதி போடுங்கள். தையலில் இருப்பவர், செக்கிங்கில் இருப்பவர், வீட்டில் பிசிறு வெட்டுபவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் தெருவில் குடியிருப்பவர், அவரவர் ரேட்டைக் கேட்டு அதன் கீழேயே எழுதுங்கள். என் அம்மாவுக்காக நான் நோட்டின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு அன்றைக்கே கிழிந்து போய்விட்டது. உங்கள் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் அது வேண்டியிருக்கும்.