கடைசி வாங்கில் இருப்பதும் நம்ம பிள்ளைதான்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் பிரிவுத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நிறுவை முடிந்து, கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் படிப்பிக்கும் பாடசாலையில் தரம் 3இல் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். கரும்பலகையில் ஒன்று இருக்கும், அவள் கொப்பியில் வேறொன்று இருக்கும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள் என்று ஏசினோம். "மக்கு" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் மறுக்கவில்லை. கடைசி வாங்கில் உட்கார வைத்தோம். அடுத்த வருஷம் தரம் 4க்குப் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடந்தது. கண் பார்க்கும் அட்டையில் மேலே உள்ள பெரிய எழுத்துகூட அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி கிடைத்தது, முன் வாங்குக்கு வந்தாள், அடுத்த தவணையில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். ஆனால் வீணாய்ப் போன அந்த ஒரு வருஷத்தை நாங்கள் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அது கண்ணாடியால் தீர்ந்த குறை. கண்ணாடியால் தீராத குறையுள்ள பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். பார்வை இல்லாத பிள்ளை, காது கேட்காத பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை, வயதுக்கேற்ற புரிதல் வராத பிள்ளை. இவர்களில் பலர் கடைசி வாங்குக்குக்கூட வந்து சேரவில்லை. லயத்தில் இருக்கிறார்கள். நாம் மலைக்குப் போகும்போது பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறோம். பாட்டி இல்லாத வீட்டில் காம்பராக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம். எந்தத் தாயையும் குறை சொல்லவில்லை. வேறு வழி யாரும் காட்டவில்லை என்பதுதான் உண்மை.

"என்ன செய்றது டீச்சர், அது தலையெழுத்து" என்று சொல்வார்கள். தோழர்களே, இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதுவரைக்கும் நம்ம பெரியவர்களைப் பார்த்து, கொழுந்து பறிக்கிறவன் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டார்கள். இன்று அதே கேள்வியை நம்ம வீட்டுப் பிள்ளையைப் பார்த்து நாமே கேட்கிறோம்.

சட்டம் அப்படிக் கேட்கவில்லை. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்தது. "இந்தப் பிள்ளையை இங்கே சேர்க்க முடியாது" என்று யாராவது சொன்னால், எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

சேர்த்த பிறகு எப்படிப் படிப்பிப்பது? அதற்கு ஓர் உதாரணம். தகரக் கூரையில் அடைமழை பெய்யும்போது எங்கள் வகுப்பில் யார் பேசினாலும் கேட்காது. அப்போது நாங்கள் என்ன செய்வோம்? பலகையில் எழுதுவோம், கையால் காட்டுவோம், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசுவோம். காது கேட்காத பிள்ளைக்கு வருஷம் முழுவதும் மழைதான். மழை நாளில் நாற்பது பிள்ளைக்குச் செய்வதை வெயில் நாளில் ஒரு பிள்ளைக்குச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் பிள்ளையைப் பார்த்துப் பேசுவது, நன்றாகக் கேட்கும் காது எங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வைப்பது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பார்வையில்லாத பிள்ளைக்கு விரல்தான் கண். பிறெயில் எழுத்து ஆறு புள்ளிகளில் அடங்கும். மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு புள்ளி. முட்டை அட்டையில் ஆறு குழியை வெட்டி எடுத்து, தேயிலைக் கொட்டையைக் குழியில் வைத்து, எந்தக் குழியில் கொட்டை இருக்கிறது என்று தடவிப் பார்க்கச் சொல்லிப் பழக்கலாம். அதே கொட்டையை வைத்துக் கூட்டலும் கழித்தலும் படிப்பிக்கலாம். கைதடி நஃபீல்ட் பாடசாலை போலத் தமிழில் படிப்பிக்கும் விசேட பாடசாலைகள் நாட்டில் உண்டு. ஆனால் அவ்வளவு தூரம் பிள்ளையை அனுப்ப எல்லாத் தாய்க்கும் மனம் வராது. அனுப்பவில்லை என்பதற்காக அந்தப் பிள்ளை எழுத்தறியாமல் இருந்துவிடக்கூடாது.

புரிதல் மெதுவாக வரும் பிள்ளைக்கு வேலையைத் துண்டு துண்டாக்கிக் கொடுக்க வேண்டும். "கை கழுவிட்டு வா" என்றால் அது ஒரு வேலை அல்ல, ஐந்து வேலை. குழாயைத் திற, கையை நனை, சவர்க்காரம் போடு, அலசு, குழாயை மூடு. ஐந்துக்கும் போனில் படம் எடுத்து வரிசையாகக் காட்டினால் பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

போன் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். "போனாலதான் பிள்ளைங்க கெட்டுப்போகுது" என்று நீங்கள் சொல்வது எங்கள் காதிலும் விழுகிறது. ஆனால் உங்கள் பையில் இருக்கும் அந்தப் போனில், காசு கொடுக்காமல் கிடைக்கும் சில வசதிகள் இருக்கின்றன. அண்ட்ரொய்ட் போனின் செட்டிங்ஸில் டோக்பேக் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் திரையில் உள்ளதைப் போன் வாய்விட்டுச் சொல்லும், தமிழிலும் சொல்லும். ஒரு தரம் தொட்டால் பெயரைச் சொல்லும், இரண்டு தரம் தட்டினால் திறக்கும். தொடும் முறை மாறுவதால் போன் கெட்டுப்போனது என்று பயப்பட வேண்டாம். லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலி நாம் பேசுவதைத் தமிழ் எழுத்தாகத் திரையில் காட்டும். வாசிக்கத் தெரிந்த, காது கேட்காத பிள்ளைக்கு அது பெரிய துணை. கணினி இருக்கும் பாடசாலையில் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் திரையை வாசித்துக் காட்டும்.

எங்கள் தோட்டங்களில் கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் டிவிசன்கள் உண்டு, தெரியும். அங்கே எளிய வழி குரல் பதிவு. பாடத்தை நாங்கள் வாசித்துப் பதிந்து மெமரி காட்டில் தருகிறோம். டேட்டா வேண்டாம். இரவில் பிள்ளை பத்துத் தரம் கேட்கலாம், பத்தாவது தரமும் அந்தப் போன் பிள்ளையை ஏசாது.

பரீட்சையிலும் வழி இருக்கிறது. புலமைப்பரிசிலுக்கும் சாதாரண தரத்துக்கும் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிறெயில் வினாத்தாள், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் என்று பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்கலாம். வைத்திய அறிக்கையோடு அதிபர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வாரத்தில் ஓடி வந்தால் நடக்காது.

இப்போது சம்பளத்துக்கு வருகிறோம். பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போகும் நாளில் தாய்க்குப் பேர் இல்லை. பஸ் காசு வேறு. இரண்டு தரம் போவாள், மூன்றாம் தரம் நின்றுவிடுவாள். காது மெஷின் அலுமாரியில் கிடக்கும், பெட்டரி மாற்ற ஆள் இருக்காது. போனில் எத்தனை வசதி இருந்தாலும் அந்தத் தாய் இழக்கும் ஒரு பேரை அது திருப்பித் தராது. அதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை. 1,000 ரூபாய்க்காக வருஷக்கணக்கில் குரல் கொடுத்து 2021இல் அதைப் பெற்றோம். ஆனால் இந்தத் தாய்மார்களின் கிளினிக் நாளுக்காக நாம் எத்தனை தரம் குரல் கொடுத்தோம்? ஆசிரியர்களாகத் தவறினோம் என்று ஆரம்பத்தில் சொன்னோம். சங்கமாகவும் தவறியிருக்கிறோம்.

ஆகவே நான்கு கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறோம். கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது. பிள்ளைக்காம்பராவிலேயே கண்ணும் காதும் பார்க்க மிட்வைப் அம்மாவோடும் சுகாதார வைத்திய அதிகாரியோடும் ஏற்பாடு செய்ய வேண்டும். பாடசாலை வாசற்படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதையும், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்குச் சேர்த்தாவது, தமிழில் படிப்பிக்கும் பயிற்சி பெற்ற ஒரு விசேட கல்வி ஆசிரியரை வலயக் கல்விப் பணிமனை தர வேண்டும்.

இதைக் கேட்கப் போனால், "உங்கள் தோட்டத்தில் அப்படி எத்தனை பிள்ளைகள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நம்மிடம் பதில் இல்லை. கமிட்டிப் புத்தகத்தில் சந்தா கட்டும் ஆள் கணக்கு இருக்கிறது, சந்தா பாக்கிக் கணக்கு இருக்கிறது, கதவுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையின் கணக்கு இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொரு தலைவியும் தன் லயங்களில் வீடு வீடாகப் போய், தாயின் சம்மதத்தோடு, பிள்ளையின் பெயர், வயது, என்ன குறை, பாடசாலை போகிறதா என்று எழுதி வாருங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கவும் அந்தக் கணக்குத்தான் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். அந்த வீட்டுக்குப் போகும்போது "பாவம்" என்று சொல்லாதீர்கள். அந்தத் தாய் அதை நிறையக் கேட்டுவிட்டாள். "திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வாங்க அக்கா, முன் வாங்குல இடம் வச்சிருக்கோம்" என்று சொல்லுங்கள். இடம் வைப்பது எங்கள் பொறுப்பு.