ஈட்டி ஏன் மூக்கைக் கவிழ்க்கிறது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில்நுட்பம் பற்றிப் பேசுங்க" என்றுதான் சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டார். நான் ஈட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் தொழில்நுட்பம்தான்.

போன வருஷம் கம்பெனி வேலையாக சுவிட்சர்லாந்து போயிருந்தேன். ஒரு சாயங்காலம் ஓய்வு கிடைத்தது. லோசான் நகரில் ஏரிக்கரையில் இருக்கும் ஒலிம்பிக் அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஒலிம்பிக் தீப்பந்தங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, என் மனசு ஈட்டியிலேயே நின்றது. காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

பழங்காலக் கிரேக்கர்கள் ஈட்டியில் ஒரு தோல்வாரைச் சுற்றி, அதன் கண்ணியில் விரலை மாட்டி எறிந்தார்கள். கை நீண்டமாதிரி வேகம் கூடும். வார் அவிழும்போது ஈட்டி தன்னைத்தானே சுழன்றுகொண்டு நேராகப் போகும். மெக்கானிக்ஸ் பரீட்சை எழுதாமலே கண்டுபிடித்திருக்கிறார்கள், பாருங்கள்!

1984 ஜூலையில் கிழக்கு பெர்லினில் ஊவே ஹோன் எறிந்த ஈட்டி 104.80 மீட்டர் போய் விழுந்தது. நூறு மீட்டரைத் தாண்டியவர் அவர் ஒருவர்தான். கைதட்டலோடு பயமும் வந்தது. ஓடுபாதைக்கு நடுவிலுள்ள புல்தரை எவ்வளவு நீளம் இருக்கும்? இன்னும் கொஞ்சம் போனால் எதிர்ப்பக்கம் நிற்கிறவன் கதி என்ன? இன்னொரு தொல்லை, பழைய ஈட்டி மிதந்து வந்து படுத்தவாக்கில் இறங்கும். முனை முதலில் பட்டதா இல்லையா என்று தகராறு.

1986-ல் ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னால் தள்ளினார்கள். எடை அதே 800 கிராம்தான். காற்றின் அழுத்தம் செயல்படும் மையம் இப்போது எடை மையத்துக்குப் பின்னால் விழுந்தது. காற்று வாலைத் தூக்கும், மூக்கு கவிழும். அந்த ஆண்டு புது ஈட்டியில் கிளாஸ் டஃபல்மையர் வைத்த உலக சாதனை 85.74 மீட்டர். பத்தொன்பது மீட்டர் போயே போச்சு! நாமெல்லாம் மைலேஜைக் கூட்ட மண்டையை உடைத்துக்கொள்கிறோம். குறைப்பதற்கென்றே டிசைன் செய்தவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும்.

எஞ்சினியர்கள் சும்மா இருப்பார்களா? வாலைச் சொரசொரப்பாக்கி இழந்த தூரத்தை மீட்கப் பார்த்தார்கள். 1991-ல் அதற்கும் தடை போட்டு, அந்தச் சாதனைகளையும் நீக்கிவிட்டார்கள். 2021-ல் நம் நீரஜ் சோப்ரா டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியது இந்த மூக்குக் கவிழும் ஈட்டியில்தான்.

இப்போது என் கதை. மூன்றாம் ஆண்டு, மண்டலப் போட்டி, கடைசி வாய்ப்பு. ஈட்டி நல்ல தூரம் போச்சு. வால்தான் முதலில் பட்டது என்று நடுவர் சிவப்புக் கொடி காட்டினார். நான் கத்தினேன். பி.டி. சார் என் தோளைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று படிப்பு முடியும்வரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தேன். தானாகவே மூக்கைக் கவிழ்க்கிற ஈட்டி அது. அப்படியும் வால் முதலில் பட்டது என்றால், நான் முனையை ரொம்பத் தூக்கி எறிந்திருக்கிறேன். "முனையைத் தூக்காதேடா, கண் பக்கத்திலேயே வெச்சுக்கோ" என்று தினமும் காலையில் மைதானத்தில் கத்தியவர் யார்?

சார் இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், அந்த நடுவர் சொன்னது சரிதான் சார்.