பொதி கட்டக் கற்றுக்கொடுத்த கையேடுகள்

காரைக்கால் மாவட்டத்தின் அம்பகரத்தூர்ப் பக்கம் கணினிப் படிப்புக்குக் குறைவில்லை. நெடுங்காட்டில் ஒரு பொறியியல் கல்லூரி, திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. அங்கே படிப்பவர் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று ஒரு வரி அடித்தால் கேட்ட மென்பொருள் வந்துவிடும். அதை நிறுவத்தக்க பொதியாகக் கட்டிவைத்தவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது யார்? இந்தக் காணொளி அந்தக் கையேடுகளைப் பற்றியது.

1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் என்ற 20 வயது மாணவர் டெபியனை அறிவித்தார். ஆளுக்குச் சில பொதிகளைப் பலரும் பொறுப்பேற்பது அங்கே வழக்கமாயிற்று. பலர் கைபடும் வேலைக்கு விதி வேண்டுமே! இயன் ஜாக்சனும் கிறிஸ்டியன் ஷ்வார்ஸும் கொள்கை நூலை எழுதினார்கள். எது சரி என்று அது சொன்னது. எப்படிச் செய்வது என்று புதியவருக்குக் கற்றுத்தர வேறு நூல் தேவைப்பட்டது.

1997இல் ஜல்தர் வியாஸும் வில் லோவும் ஆளுக்கொரு வழிகாட்டி எழுதினார்கள். அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு 1998இல் யோசிப் ரோடின் புதிய பராமரிப்பாளர் கையேட்டைத் தொடங்கினார். 'ஜென்டூ' என்ற சிறிய கோப்பு மேலாளரை எடுத்துக்கொண்டு, முதல் படியிலிருந்து கடைசிவரை அதைப் பொதியாக்கிக் காட்டியது அந்த நூல்.

பொதி கட்ட நான்கு கோப்புகள் முக்கியம்: கன்ட்ரோல், சேஞ்ச்லாக், காப்பிரைட், ரூல்ஸ். கன்ட்ரோலில் 'டிபென்ட்ஸ்' என்றொரு வரி உண்டு. தேவைப்படும் நூலகம் ஒன்றை அதில் எழுத மறந்தால், கட்டியவர் கணினியில் ஓடும் நிரல் அடுத்தவர் கணினியில் திறக்காமலே போகலாம். கொள்கை நூலைப் புரட்டும் புதியவர் கண்ணில் இது எளிதில் படாது. செய்துகாட்டும் கையேட்டில்தான் படும்.

கருவிகள் மாறினால் கையேடு பழசாகிவிடும். பொதி கட்ட உதவும் டெப்ஹெல்பர் என்ற கருவியின் 7ஆம் பதிப்பு 2008இல் வந்தபோது, பல பத்து வரிகள் நீண்ட ரூல்ஸ் கோப்பு மூன்றே வரிகளில் முடிந்தது. பழைய பாடத்தைப் படித்தவர்கள் தேவையில்லாத வரிகளையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2005 முதல் கையேட்டைக் கவனித்துவந்த ஒசாமு அயோகி அதைத் திருத்தினார். பிறகு புதிய நூலையே எழுதினார். பழைய கையேடு இன்று தன்னைக் காலாவதியானது என்று அறிவித்து, வாசகரைப் புதிய நூலுக்கு அனுப்புகிறது. எழுதியதைக் கைவிடவும் மனம் வேண்டும். அந்த நேர்மை எல்லாக் குழுக்களுக்கும் வர வேண்டும்.

டெபியன் உலகில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியன் மீது கட்டப்பட்டு 2007இல் வெளிவந்தது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுத 2012இல் கணியம் இதழ் தொடங்கியது. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியனின் சிறு மாநாடான மினி டெப்கான்ஃப் கூடியது. அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் டெபியனின் உலக மாநாடு நடந்தது. ஆனால் ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன் எனப் பல மொழிகளுக்குப் போன பழைய கையேடு தமிழுக்கு வரவில்லை.

மாணவர்களே, ஒரு சிறிய தமிழ் எழுத்துருவைப் பொதியாக்கிப் பாருங்கள். எங்கே சிக்கினீர்கள், எந்தப் பதிப்பில், எப்படி மீண்டீர்கள் என்று தமிழில் எழுதி வையுங்கள். டெபியனில் கையேடும் ஒரு பொதிதான். அதில் தவறு கண்டால், மென்பொருளுக்குச் செய்வதுபோலவே வழு அறிக்கை அனுப்புங்கள்.