கடற்கரைப் பிள்ளைகளுக்கு நீச்சல்
(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கல்முனையிற் பிறந்தவனுக்கு நீந்தத் தெரியாது என்றால் வெளியூரார் நகைப்பார்கள். கிழக்கே கடல், மேற்கே களப்பும் வயல் வாய்க்கால்களும், வளவுக்கு வளவு கிணறு. ஆயினும் சென்ற விடுமுறையில் சங்கத்துச் சிறுவர்களை நாம் விசாரித்தபோது, கரைவலைக்காரரோடு பழகிய சில பையன்களே கை உயர்த்தினர். பெண்பிள்ளைகளில் ஒருத்தியேனும் இல்லை. நாமும் பெருமை பேசுவதற்கில்லை. மிஷன் பாடசாலையில் கிரிக்கெட் பழகினோம், பாட்டுப் பழகினோம். நீச்சல் பழகியது பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே. எட்டு வயதுப் பிள்ளைகள் கரையில் நின்று சிரிக்க, நாம் தடாகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலடித்த வெட்கத்தை இன்னும் மறந்தோமில்லை.

இது விளையாட்டுப் பொருள் அன்று. 2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டம். ஆண்களிலும் பெண்களே கூடுதலாக மாண்டனர் என்று 2005 மார்ச்சில் ஒக்ஸ்பாம் நிறுவனம் எடுத்துக்காட்டியது. நீந்தவும் மரமேறவும் இங்கே பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்குகிறோம் என்பதும் அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. பின்னர் 2024 நவம்பர் 26 இல், வெள்ளம் பாய்ந்த மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் கவிழ்ந்து, வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். அந்தச் சிறுவர்களின் முகங்களை நினைக்காமல் இப்பேச்சை எம்மால் எழுத முடியவில்லை.

நீச்சல் தெரிந்திருந்தால் இவர்கள் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பொய். இறந்தோரைப் பழிப்பதும் ஆகும். ஆழிப்பேரலைக்கு மேட்டுநிலமே மருந்து. ஓடுகிற வெள்ளத்துக்கு அதில் இறங்காமையே மருந்து. ஆகவே நீந்தப் பழக்குவோர் துணிவை மட்டும் கொடுத்தால் போதாது, எந்த நீரில் இறங்கக் கூடாது என்பதையும் கூடவே கொடுக்க வேண்டும். பாக்கு நீரிணையை 1954 இல் நீந்திக் கடந்த நவரத்தினசாமி அவர்களையும், 1971 இல் போய்த் திரும்பிய ஆனந்தன் அவர்களையும் நாம் போற்றுகிறோம். அத்தகைய ஆனந்தனே 1984 இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர் நீத்தார். நீர் ஆளைப் பார்ப்பதில்லை.

இனிப் பழக்கும் முறைக்கு வருவோம். பிள்ளையைத் தூக்கி ஆழத்தில் எறிந்தால் தானாக நீந்தும் என்பது எங்கள் ஊர்ப் பழைய வைத்தியம். எம்மில் ஒருவர் அவ்வாறு எறியப்பட்டவர். இன்றும் முகத்தில் நீர் பட்டால் அவருக்கு மூச்சடைக்கும். நீர் பிள்ளையின் இடுப்பளவே இருக்கட்டும். பழக்குபவர் கரையில் நின்று கூவாமல், கைக்கெட்டும் தூரத்தில் நீருக்குள் நிற்கட்டும். முதல் நாள் முகத்தை நனைத்து வாயால் குமிழி ஊதினாலே போதும். அது சிரிப்பாக முடியும். சிரித்த பிள்ளை மறுநாளும் வரும். பின்பு மல்லாந்து மிதத்தல். தலையின் கீழே ஒரு கை, முதுகின் கீழே ஒரு கை. உடல் தளர்ந்தவுடன் கையைச் சற்றே தாழ்த்த வேண்டும், சொல்லாமல் எடுத்துவிடக் கூடாது. ஒருமுறை ஏமாற்றினால் ஒரு மாத நம்பிக்கை போய்விடும். மிதக்கப் பழகியபின் காலடித்தல், கை வீசுதல் எல்லாம் விரைவில் வரும். சுரைக்குடுக்கை கட்டிப் பழகிய காலம் போய், காற்றடைத்த வளையம் வந்திருக்கிறது. அது விளையாட்டுப் பொருளேயன்றிக் காவலன் அன்று, கழன்றால் ஆபத்து.

மற்றொன்று. மூழ்கும் குழந்தை கூக்குரலிடும் என்று நம்பியிருக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வந்தால் அல்லவா கத்துவது! ஆகையால் ஒருவர், கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். தோழன் மூழ்கினால் பின்னால் குதிக்காமல், கம்போ கயிறோ நீட்டவும், வெற்றுக் கலன் ஒன்றை எறியவும், பெரியோரைக் கூவவும் பிள்ளைகள் பழக வேண்டும். கடலில் அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடமே சிலவேளை வஞ்சகமானது. கரையில் மோதிய நீர் அவ்வழியே வாய்க்கால்போல் உள்ளே இழுத்தோடும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடாமல், மிதந்து, கரையோரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளிவர வேண்டும்.

தடாகம் எங்கே என்று பெரியோர் கேட்பீர்கள். கடலில் அலை, களப்பில் முதலை. நியாயமே. வங்காளதேசத்தில் கிராமக் குளங்களுக்குள் மூங்கிற் சட்டம் அமைத்து, அடியில் தளம் பரப்பி, ஆயிரக்கணக்கான சிறுவர்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். பெயர்த்து வைக்கும் தொட்டிகளையும் வேறிடங்களில் பயன்படுத்தியுள்ளார்கள். சங்க வளவில் தார்ப்பாய்த் தொட்டி ஒன்று அமைக்க முடியாதா? பாடம் முடிந்ததும் நீரை இறைத்துவிட வேண்டும். இல்லையேல் தொட்டியே கிணறாகிவிடும். கட்டில்லாத கிணறுகளுக்கு மூடி போடுவதும் இவ்வேலையில் அடங்கும். தவழும் குழந்தைக்கு நீச்சல் காவலாகாது, மூடியே காவல்.

பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும், மறைப்பும், பழக்கப் பெண்களும் வேண்டும். இதில் அயலூர் முஸ்லிம் தாய்மாரின் கவலையும் எமது தாய்மாரின் கவலையும் ஒன்றே. பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குமாறு கலீபா உமர் அவர்கள் கூறியதாக முஸ்லிம் நண்பர்கள் எமக்குச் சொல்வதுண்டு. சாய்ந்தமருதுப் பிள்ளையும் பாண்டிருப்புப் பிள்ளையும் ஒரே தொட்டியில் குமிழி ஊதினால் என்ன குறை?

வாடைக்காற்று ஓய்ந்தபின் தொடங்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வாசலிலே ஒரு கொப்பியோடு நிற்போம். ஆறு வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயர்களைத் தாருங்கள். மகள்மாரின் பெயர்களை முதலில் எழுதிக்கொள்வோம்.