சமாதிக்குப் பின்புறம் ஒலித்த குரல்



ஆண்டுதோறும் திருவையாற்றிலே, காவிரிக் கரையிலே, தியாகராசர் ஆராதனை நடைபெறுவதை அறிவீர்கள். ஆடவரும் மகளிரும் அணி அணியாக அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகின்றனர். மகளிர் அங்கு பாடுவது இன்று நமக்கு வியப்பளிப்பதில்லை. ஆனால் ஒரு காலத்தில் அந்த இடத்தில் ஒரு பெண் அமர்ந்து பாட முடியாது, பாட விடமாட்டார்கள்! பாட விடாதவர்கள் எங்கே நின்று அப்படிச் சொன்னார்கள்? ஒரு பெண் தன் பொருளைச் செலவிட்டு எழுப்பிய கோயிலின் முன்னே நின்று சொன்னார்கள்! அந்தப் பெண்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

1878-ல் மைசூர்ச் சீமையில், நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் பிறந்தவர் அவர். தாய் புட்டலட்சுமியின் முயற்சியால் கன்னடமும் தெலுங்கும் வடமொழியும் கற்றார், இசையும் கற்றார். பின்னர் சென்னைக்கு வந்து, கச்சேரி மேடையிலே புகழும் பொருளும் ஈட்டினார். அன்றைய சென்னை மாகாணத்தில் வருமான வரி செலுத்திய முதற்பெண் கலைஞர் அவரே என்று கூறுவதுண்டு. பாட்டுக்காரி ஒருத்தி பணம் சேர்த்தாள், நகை பூட்டினாள், மாளிகை கட்டினாள் என்று கதை முடிந்திருந்தால் நான் இங்கு பேச வேண்டிய தேவையே இல்லை.

முதலில் அவர் மீட்டது ஒரு ஏட்டை. தஞ்சையில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண்புலவர், தெலுங்கில் ‘ராதிகா சாந்துவனம்’ என்ற காவியத்தை இயற்றியிருந்தார். அதன் பழைய அச்சுப் பதிப்பைப் படித்த நாகரத்தினம்மாள், அதில் பாடல்கள் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டார். மூலச் சுவடியைத் தேடிப் பிடித்து, 1910-ல் முழு நூலையும் பதிப்பித்தார். கைம்பெண் மணத்துக்காகப் போராடிய கந்துகூரி வீரேசலிங்கமே, பெண் வாயில் வரத்தகாத பேச்சு என்று அந்நூலை இகழ்ந்திருந்தார். சீர்திருத்தச் செம்மலுக்கும் பெண்ணின் எழுதுகோல் என்றால் ஒரு கூச்சம்! அம்மையார் தம் முன்னுரையிலே அவரையும் விட்டுவைக்கவில்லை. வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தான் இயல்போ, ஆடவர் சிருங்காரம் எழுதினால் அது இலக்கியமாகிவிடுமோ என்று கேட்டார்.

விடை வந்தது, வாதமாக அல்ல, அரசாங்க ஆணையாக! 1911-ல் வெள்ளையர் ஆட்சி அந்நூலுக்குத் தடை விதித்தது. படிகள் பறிமுதலாயின. பிரகாசம் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக வந்த பின்னரே, நாற்பதுகளின் நடுவில், தடை நீங்கிற்று.

இனித் திருவையாற்றுக்கு வருவோம். 1847-ல் மறைந்த தியாகராசரின் சமாதி, முட்செடி மண்டிப் பாழாய்க் கிடக்கிறதென்று 1921-ல் அவருடைய ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா எழுதினார். வித்துவான்கள் பலர் ஆண்டுதோறும் அங்கு சென்று வந்தவர்கள்தாம். சின்னக் கட்சி, பெரிய கட்சி என இரண்டு அணிகளாகப் பிரிந்து தனித்தனியே ஆராதனை நடத்தியவர்கள்தாம். யார் பெரியவர் என்ற வழக்கில் இருந்தவர்களுக்குக் கோயில் எழுப்ப நேரமேது? அம்மையார் நிலம் பெற்றார், நகையையும் வீட்டையும் விற்றார், கட்டடம் எழுந்தது. 1926 சனவரி 7-ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது.

எனினும் அவ்விரு கட்சியாரும் பெண் பாடுவதை ஏற்கவில்லை! அம்மையார் என்ன செய்தார்? அழுதுகொண்டு சென்னைக்கு வண்டி ஏறினாரா? இல்லை. 1927-ல் பெண்களைத் திரட்டினார். முன்புறம் உங்களுக்கு, பின்புறம் எங்களுக்கு என்று சமாதிக்குப் பின்னாலேயே தனி ஆராதனை தொடங்கினார். அதற்குப் ‘பெண்கள் கட்சி’ என்றே பெயர் வழங்கிற்று. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல. பத்தாண்டுக்கும் மேலாக அந்தக் குரல் பின்புறத்திலிருந்தே ஒலித்தது. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் மூன்று அணிகளும் ஒன்றாயின. மகளிரும் முன்னால் வந்து அமர்ந்தனர்.

இந்த இடத்தில் ஒன்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1927-ல் சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டு வந்தபோது, அதை எதிர்த்த தேவதாசிகள் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் நாகரத்தினம்மாள். தாங்கள் கலை வளர்த்த மரபினர், விலைமகளிர் அல்லர். தங்கள் சொத்துரிமை என்னாகும், பிழைப்பு என்னாகும் என்று கேட்டார்கள். கேள்வியில் பொருள் இல்லாமற் போகவில்லை. மற்ற இந்துப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமை அன்று அவர்களுக்கு இருந்தது. ஆயினும், நாகரத்தினம்மாள் போல் ஒருவர் மேடையேறிப் பொருள் ஈட்டினார் என்பதற்காக, ஊர் ஊராகச் சிறுமியர் கழுத்திலே பொட்டுத்தாலி ஏறியதை ஒப்ப முடியுமா? அதே மரபிலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தக் கொடுமையை மேடை மேடையாக எடுத்துரைத்தார். 1936-ல் ‘தாசிகள் மோசவலை’ என்ற புதினமாகவும் எழுதினார். டாக்டர் அம்மையாரின் தாயாரும் அந்த மரபினரே. 1947-ல் சட்டம் வந்தது. வந்தது நன்று என்பதே என் கருத்து. மேடையிலிருந்த கலையைக் காக்க எண்ணியவரும், மேடையேற வாய்ப்பில்லாத சிறுமியைக் காக்க எண்ணியவர்களும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. அவ்விடத்தில் நான் சிறுமியின் பக்கம்.

ஆனால் அதற்காக அவருடைய பெயரைக் கழித்துவிட்டு ஆராதனைக் கதையைச் சொல்வோரும் உண்டு. அது வேறு வகை அநீதி. மறைவுக்கு மூன்றாண்டு முன்பு, 1949-ல், தம் உடைமையை அறக்கட்டளைக்கு எழுதி வைத்தபோதும் அவர் ஒரு நிபந்தனையை மறக்கவில்லை: அந்தச் சந்நிதியில் பெண்களுக்கு உள்ள உரிமையைத் தடுக்கலாகாது என்பதே அது. 1952 மே 19-ஆம் நாள் திருவையாற்றிலேயே உயிர் நீத்தார். அவருடைய சமாதியும் சிலையும், அவர் எழுப்பிய கோயிலை நோக்கியபடி அங்கேயே உள்ளன.