மரக்கச் செய்யும் மருந்து: பூசுமுன் கொஞ்சம் பேசுவோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)

சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் முடிந்துவிட்டது. டீ வருவதற்குள் ஒரு விஷயம் பேசிவிடுவோம்.

நம் குழு ஒன்றில் நடந்தது இது. ஒரகடம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் உறுப்பினர், காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டார். ஏழு மாதக் குழந்தை ஆயாவிடம் இருந்தது. பல் முளைக்கிற நேரம், ஓயாத அழுகை. கடையில் வாய்ப்புண்ணுக்கு வாங்கிய ஜெல் வீட்டில் இருந்தது. ஆயா அதை ஈறில் தடவினார், அழுகை நின்றது. மறுபடி அழுதது, மறுபடி தடவினார். மதியத்துக்குள் எத்தனை தடவை என்று அவருக்கே கணக்கில்லை. பிள்ளை துவண்டு போய், கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டம்மா 108-க்குப் போன் போட்டார். போகும்போது அந்த டியூபையும் கையில் எடுத்துக்கொண்டார். டாக்டர் முதலில் கேட்டதே "என்ன கொடுத்தீங்க?" என்றுதானாம். ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். பிள்ளை இப்போ நல்லா இருக்கான்.

ஆயாவை நாம் குறை சொல்லவில்லை. நாமும் அதையேதான் செய்திருப்போம். வெளியே பூசுகிற மருந்து உள்ளே போகாது என்றுதானே நினைக்கிறோம்? போகும். வாய்க்குள் இருக்கும் மெல்லிய தோல் வழியாகச் சீக்கிரம் இரத்தத்தில் கலக்கும். குழந்தை விழுங்கியும் விடும். அளவு மீறினால் மூளையையும் இதயத்தையும் தாக்கும்.

டியூபில் லிக்னோகெயின், லிடோகெயின், பிரிலோகெயின், பென்சோகெயின் என்று 'கெயின்' என முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள். இங்கிலீஷில்தான் இருக்கும், வீட்டில் படிக்கிற பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். லிக்னோகெயினும் லிடோகெயினும் ஒரே மருந்துதான். 1943-ல் ஸ்வீடன் நாட்டில் கண்டுபிடித்தார்கள். பல் பிடுங்கவும் தையல் போடவும் ஊசியாகப் போடுவது இதைத்தான். நல்ல மருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. நரம்பு வழியாக வலிச் செய்தி போவதைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தும். ஆனால் புண்ணை ஆற்றாது.

பல் முளைக்கும் பிள்ளைக்கு லிடோகெயின் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-ல் எச்சரித்தது. 2018-ல், இரண்டு வயதுக்குள் பென்சோகெயினும் கூடாது என்றது. பென்சோகெயினால் சிலருக்கு இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிடும். ஈறு அரித்தால் கையைச் சுத்தமாகக் கழுவி விரலால் லேசாகத் தேய்த்துவிட்டாலே போதும். குளிர்ந்த சுத்தமான ஈரத்துணியைக் கடிக்கக் கொடுக்கலாம்.

காது குத்துக்கு முன்னால் களிம்பு பூசுவதும் இப்போ பழக்கமாகிவிட்டது. டாக்டர் வயதைப் பார்த்து அளந்து, சின்ன இடத்தில் பூசி, மூடி, சுமார் ஒரு மணி நேரம் விடுவார். அது வேறு. நாமே டியூப் வாங்கி அப்புவது வேறு.

பார்லர் போகிற நம் பெண்களும் கேளுங்கள். அமெரிக்காவில் 22 வயது, 25 வயதுப் பெண்கள் இருவர், லேசரில் முடி எடுப்பதற்காகக் கால் முழுக்க இந்தக் களிம்பைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டார்கள். வலிப்பு வந்து, நினைவிழந்து, இறந்தே போனார்கள். 2007-ல் அரசு இதைச் சொல்லி எச்சரித்தது. அகலமாகப் பூசினாலும், சுற்றி மூடினாலும், சூடு வைத்தாலும், புண்பட்ட தோலில் போட்டாலும் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும்.

இனி, யாரும் வெளியே பேசாத சங்கதி. மூலம். லைனில் எட்டு மணி நேரம் நிற்கிறோம், பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்? வெட்கப்பட்டுக்கொண்டு களிம்பு வாங்கி ஹேண்ட்பேக்கில் ஒளித்து வைத்து மாதக்கணக்கில் போடுகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அதிலும் பெரும்பாலும் இந்த மருந்து உண்டு. ஒரு வாரத்தில் குணமாகவில்லை என்றால், அல்லது இரத்தம் போனால், டாக்டரிடம் காட்டியே ஆகணும். வலி மரத்திருப்பதால் உள்ளே வேறு நோய் வளர்வது தெரியாமல் போகலாம். இ.எஸ்.ஐ. கார்டு இருப்பவர்கள் அதைப் பயன்படுத்துங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

பெரியவர்கள் வாயில் ஜெல் போட்டால் ஒரு மணி நேரம் சாப்பிட வேண்டாம். புரையேறும், சூடான டீ நாக்கைச் சுட்டாலும் தெரியாது. பூசிய கையோடு கண்ணைத் தொடாதீர்கள். தலைசுற்றல், காதில் இரைச்சல், உதட்டைச் சுற்றி மரப்பு, நடுக்கம் வந்தால் மருந்தைத் துடைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். டியூப் கையோடு.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கிட்டு வாங்க. கிராம சுகாதார செவிலியரையும் கூப்பிட்டிருக்கிறோம். எது இருக்கலாம், எது போகணும் என்று உட்கார்ந்து பிரித்துவிடுவோம்.